ஓரகத்தி என் முறைக்கு உட்கார்ந்த நாள்

எங்கள் அலுவலகத்தில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கிறவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனால் அவர் பேசுவதைக் கேட்டால், உலகத்திலுள்ள அத்தனை திருடர்களும் வேறு வேலையே இல்லாமல் நம் பாஸ்வேர்டுக்காகக் காத்துக்கிடக்கிறார்கள் என்று தோன்றும். வீட்டிலிருந்து வேலை செய்கிற எங்கள் எல்லோரையும் ஒருநாள் சென்னைக்கு வரவழைத்தார். மடிக்கணினிகளை வாங்கி வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே மெஷ் என்கிற புது இணைப்பைப் போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

"இந்த மெஷின், இந்த ஆள். வேற யாரும் தொடக் கூடாது."

நான் தலையை ஆட்டினேன். நான் எதற்கும் தலையை ஆட்டிவிட்டு அப்புறம் யோசிக்கிற ஜாதி.

என் வேலை ஏற்றுமதிக் காகிதங்கள் தயாரிப்பது. ஒரு கன்டெய்னரில் என்ன சரக்கு, எவ்வளவு எடை, எந்தக் கப்பல், கதவில் போட்ட சீல் நம்பர் என்ன என்பதெல்லாம் நாலைந்து காகிதங்களில் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓர் எண் பிசகினால் பெட்டி துறைமுகத்திலேயே உட்கார்ந்துவிடும். பாதிப் பெட்டிகள் காட்டுப்பள்ளித் துறைமுகம் வழியாகப் போகின்றன. அந்தத் துறைமுகத்தால் மீன் வரத்து குறைந்துபோன எங்கள் மீனவக் குப்பத்தில் அந்தப் பெயரைச் சொன்னாலே ஆண்கள் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதனால் வீட்டில் போன் பேசும்போது "தெக்கால போற பெட்டி" என்று மட்டும் சொல்லுவேன். அலுவலகத்தில் அதை ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்து இரண்டு பேர் அவர்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த வேலையை வீட்டிலிருந்து செய்வது எனக்குச் சொகுசுக்காக இல்லை. எங்கள் குப்பம் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் பாலம் தாண்டிப் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி, அப்புறம் ரயில். ஒரு வழிக்கே மூன்று மணி நேரம். திரும்பும்போது அனுப்பம்பட்டு வந்ததும் தூக்கத்திலிருந்து எழுந்து செருப்பைத் தேட வேண்டும், அடுத்தது பொன்னேரி. அந்த அலைச்சல் தாங்காமல் இரண்டு வருடம் சென்னையில் விடுதியில் தங்கினேன். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். ஒரு சனிக்கிழமை உள்ளே நுழைந்தபோது என் மகள் ஓடிவந்து, "உக்காருங்கம்மா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். விருந்தாளிக்குக் கேட்கிற அதே மரியாதை. அன்று நான் சமையலறையில் போய் அழுதேன். அதன் பிறகுதான் மேலாளரிடம் சண்டை போடாத குறையாகக் கேட்டு வீட்டு வேலையை வாங்கினேன். ஆக, அந்த மடிக்கணினி வீட்டில் இருக்கிற வரைதான் நானும் வீட்டில் இருப்பேன். அது போனால் மறுபடி விடுதிதான்.

மெஷ் வந்த அன்று என் கணவர் கணினியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெளியே எந்த மாற்றமும் இல்லாததில் அவருக்கு ஏமாற்றம்.

"இன்னா பண்ணாங்க இதுல?"

எனக்குப் புரிந்த மட்டும் சொன்னேன். முன்பெல்லாம் எங்கள் எல்லார் வேலையும் அலுவலகத்தில் இருக்கிற ஒரே வாசல் வழியாகப் போய்வரும். அந்த வாசல் படுத்துக்கொண்டால் அன்றைக்கு எல்லோரும் ஈ ஓட்ட வேண்டியதுதான். இப்போது அப்படி இல்லை. என் கணினி, கிடங்கில் இருக்கிற கணினி, அம்பத்தூரில் ஒருத்தர் வீட்டில் இருக்கிற கணினி எல்லாம் ஒன்றோடொன்று நேராகப் பேசிக்கொள்ளும். பேசுவது பூட்டுப் போட்டுத்தான் போகும். பட்டியலில் பெயர் உள்ள கணினிக்கு மட்டும்தான் மற்றவை பதில் சொல்லும். பெயர் இல்லாதவர்களுக்கு இப்படியொரு கூட்டம் இருப்பதே தெரியாது.

"நடுவுல யாவாரி இல்லாம நேரா குடுத்து வாங்கிக்கிறீங்க."

"ஆமா."

"பட்டியல்ல பேரு இருந்தாத்தான் எறங்க முடியும்."

"ஆமாய்யா."

"அட, நம்ம பாடு மாதிரிதான். இதுக்கா மெட்ராஸ் வரைக்கும் போனே?"

ஏரியில் எங்கள் ஆட்கள் நினைத்த இடத்தில் வலை கட்டிவிட முடியாது. நல்ல இடங்களை ஊரே பங்கு போட்டு வைத்திருக்கிறது. அதற்குப் பேர்தான் பாடு. பட்டியலில் பெயர் உள்ள குடும்பங்களுக்குச் சீட்டுக் குலுக்கி முறை வரும். என் முறை நாளில் அந்த இடத்தில் வேறு யாரும் வலை இறக்கமாட்டார்கள். என் கணவர் சொன்னது தப்பே இல்லை. பாதுகாப்பு அதிகாரி ஒரு மணி நேரம் படம் போட்டு விளக்கியதை அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பாடு முறையை வைத்து மெஷ்ஷைப் புரிந்துகொண்டதில்தான் எனக்கு வினை வந்தது.

பாடு முறையில் இன்னொரு வழக்கம் உண்டு. முறை வந்த நாளில் உடம்பு சரியில்லை, ஊரில் இல்லை என்றால் வீட்டு ஆள் யாராவது போக வேண்டும். தம்பியோ மச்சானோ, யார் போனாலும் முறைக்காரரே போனதாகத்தான் ஊர் எடுத்துக்கொள்ளும். ஆள் அனுப்பாமல் முறையைக் காலியாக விடுவதுதான் தப்பு. நல்ல இடத்தை, அடுத்தவன் இறங்கவும் வழியில்லாமல் வெறுமனே போட்டுவைப்பது ஊரை அவமதிக்கிற காரியம். ஊர்க் கூட்டத்தில் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்பார்கள், சில நாளைக்குப் பட்டியலிலிருந்து பெயரையும் எடுத்துவிடுவார்கள். எங்கள் கல்யாணத்தன்று என் கணவருக்கு முறை வந்தது. அவர் தம்பி போனார். ஊர் வழக்கப்படி பார்த்தால், எனக்குத் தாலி கட்டிய அதே நேரத்தில் என் கணவர் ஏரியில் இறாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இதை நான் பல சண்டைகளில் சொல்லிக்காட்டியிருக்கிறேன்.

அந்தக் கார்த்திகை மாதம் ஒரு புதன்கிழமை காலையில் அவர் கையில் கெளுத்தி முள் ஏறியது. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது குத்திவிட்டது. வழக்கமாக வெந்நீரில் கையை முக்கிவிட்டுச் சும்மா இருப்பார். அன்று முழங்கை வரை வீங்கிவிட்டது, முகம் வெளுத்துவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். என் வேலை நேரம் தொடங்க இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. அன்றே போக வேண்டிய காகிதங்கள் மூன்று செட் இருந்தன.

லீவு என்று ஒன்று இருப்பது என் நினைவுக்கே வரவில்லை. சத்தியமாக வரவில்லை. என் மூளை நேராக ஓரகத்தியிடம் போனது.

ஓரகத்தி என் கொழுந்தனாரின் மனைவி. அடுத்த வீடு. பொன்னேரியில் பி.காம். படித்தவள். கல்யாணம் ஆனபிறகு அந்தப் படிப்பு மகளிர் குழுவுக்கு மனு எழுதிக்கொடுப்பதோடு நின்றுவிட்டது. மத்தியானங்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே நான் செய்வதைப் பார்ப்பாள். "அக்கா, அந்தப் பொட்டில நம்பரு வுட்டுட்டீங்க" என்று சொல்லித் தருகிற அளவுக்குத் தேறியிருந்தாள். அவளைக் கூப்பிட்டேன். கணினியைத் திறக்கிற எண்ணைச் சொன்னேன்.

"என் முறைக்கு நீ உக்காரு. வந்துடுறேன்."

"நீங்க மாமாவ பாருங்கக்கா" என்றாள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மெஷ் சில மணி நேரத்துக்கு ஒருமுறை என் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பும். உள்ளே இருப்பது நீங்கள்தானா என்று கேட்கும், ஆம் என்று தட்ட வேண்டும். பொன்னேரியில் டாக்டருக்காகக் காத்திருந்தபோது அந்தக் கேள்வி வந்தது. ஆம் என்று தட்டிவிட்டு, கணவரின் கையைப் பார்த்தேன். நான் செய்ததில் ஏதாவது கோளாறு இருப்பதாக எனக்கு ஒரு துளிகூடத் தோன்றவில்லை. என் முறைக்கு என் வீட்டு ஆள் உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் நான்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னையில் அதிகாரிக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. கணினி குப்பத்தில், ஆம் என்று சொன்ன போன் பொன்னேரியில். அவர் உடனே என் கணினிக்கு வீடியோ அழைப்பு போட்டார். வேறு யாராக இருந்தாலும் எடுக்காமல் விட்டிருப்பார்கள், இல்லை மூடி வைத்துவிட்டு ஓடியிருப்பார்கள். என் ஓரகத்தி புடவையைச் சரிசெய்துகொண்டு, கேமராவைப் போட்டு, வணக்கம் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க யாரு?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"அக்கா ஊட்டுக்காரருக்கு முள்ளு குத்திடுச்சு சார். ஆஸ்பத்திரிக்குப் போயிக்கிறாங்க. அவங்க முறைக்கு நான் உக்காந்துக்கிறேன். ரெண்டு செட்டு முடிச்சிட்டேன். மூணாவதுல வெயிட்டு ஒத்துவரல, குறிச்சு வெச்சிக்கிறேன். பாக்கிறீங்களா?"

அடுத்த நொடி திரை இருண்டுவிட்டது. கரண்டு போய்விட்டது என்று நினைத்து இவள் மேலே பார்த்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நான் வந்து கணினியைத் திறந்தபோது வழக்கமாகப் பச்சைப் புள்ளியோடு வரிசையாக நிற்கிற பெயர்களில் ஒன்றுகூட இல்லை. கிடங்கும் இல்லை, அம்பத்தூரும் இல்லை. இந்தக் கணினி பட்டியலில் இல்லை என்று ஒரே ஒரு வரி. மெஷ்ஷில் பெயரை எடுத்துவிட்டால் மற்ற எல்லாக் கணினிகளும் அந்த நொடியே நம்மை மறந்துவிடும், யாரோ ஒருவர் மட்டும் மனமிரங்கிக் கதவைத் திறக்க முடியாது. அதுதான் அதன் சிறப்பு என்று அதிகாரி படம் போட்டுச் சொல்லியிருந்தார். அந்தச் சிறப்பு எனக்கு அப்போது நன்றாகப் புரிந்தது. தண்ணி குடிக்கிறீங்களா என்று மகள் கேட்ட சனிக்கிழமை கண்முன் வந்து நின்றது.

ஓரகத்திதான் ரொம்பத் தவித்தாள். "நான் போன எடுத்திருக்கக் கூடாதாக்கா?" என்று நாலு தடவை கேட்டாள். அவளை என்ன சொல்லித் திட்டுவது? நான் அனுப்பிய ஆள், கேட்டதற்கு உண்மையைச் சொன்னாள்.

எட்டு நாள் கழித்து, வியாழக்கிழமை நேரில் வந்து விளக்கம் தரும்படி சொன்னார்கள். முதல் நாள் மாலை என் கணவர் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார்.

"நீ எதுக்குய்யா?"

"ஊட்டு ஆளு கூட்டத்துல நிக்கும்போது தனியா வுடுவாங்களா?"

அது கூட்டம் இல்லை, இரண்டு பேர் இருக்கிற ஒரு அறை, அதில் குடும்பத்துக்கெல்லாம் இடம் கிடையாது என்று சொல்லிப்பார்த்தேன். பல்லைக் காட்டினாரே தவிர சட்டையைக் கழற்றவில்லை. ரயிலில் என் பயத்தையெல்லாம் அவர்மேல் எரிச்சலாகக் கொட்டினேன். அலுவலகக் கண்ணாடிக் கதவு அட்டை காட்டாமல் திறக்காது. அவர் அதன் முன்னால் கட்டுப்போட்ட கையோடு, ஏதோ வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்போல நின்றார். வெளியே உட்காரச் சொல்லிவிட்டு நான் உள்ளே போனேன். இரண்டு நிமிடத்தில் மேலாளர் அம்மாவே அவரைப் பார்த்துவிட்டு, "பாவம், உள்ள வரச் சொல்லுங்க" என்றார்.

அதிகாரி மூன்று பக்கம் அச்செடுத்து வைத்திருந்தார். எந்த நிமிடம் கணினி எங்கே, போன் எங்கே, எந்தக் காகிதம் எப்போது திறக்கப்பட்டது என்று எல்லாம் அதில் இருந்தது. நான் எதையும் மறுக்கவில்லை. தப்பு என்னுடையது, ஓரகத்தியுடையது இல்லை என்று சொன்னேன். மேலாளர் அம்மா நடுவில், "அந்த வெயிட் தப்பைக் கண்டுபிடிச்சது நீங்களா அவங்களா?" என்று கேட்டார். அவள்தான் என்றேன். ஏழெட்டு வருடம் இந்த வேலை செய்கிறவளுக்கு அதைச் சொல்வது அவ்வளவு சுகமாக இல்லை.

அப்போது என் கணவர் எழுந்து நின்றார். எங்கள் ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிற வழக்கமில்லை.

"பேர எடுத்தது சரிதான் சார். தப்பு தப்புதான். எத்தினி நாளைக்குன்னு மட்டும் சொல்லுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களிடம் இருந்த படிவத்தில் இரண்டே கட்டம்தான் இருந்தது. வீட்டு வேலை அனுமதி தொடரும், அல்லது ரத்து. நாள் எழுத இடமே இல்லை.

அதிகாரி பொறுமையாகத்தான் சொன்னார். "நாள் பிரச்சினை இல்ல சார். ஒரே ஆள் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்தா, எந்த ஆள் நிஜம்னு எங்களுக்குத் தெரியாது. இந்த மொத்த ஏற்பாடும் அந்த ஒரு நம்பிக்கையிலதான் நிக்குது. அது போச்சுன்னா திரும்பச் சேர்க்க முடியாது."

"அது எனக்குப் புரிஞ்சிடுச்சு சார். அதனாலதான் நானு ஆள் அனுப்பல."

"என்ன ஆள்?"

"இன்னைக்கு என் பாடு. தம்பி போறேன்னுதான் சொன்னான். அவன் போனா நானே போன மாதிரி. அப்புறம் நானு ஏரியிலயும் இருப்பேன், இங்கயும் இருப்பேன். ரெண்டு எடத்துல இருக்கிறவன் வந்து பேசுனா நீங்க எப்பிடி நம்புவீங்க? அவன போவாதன்னுட்டேன். இன்னைக்கு அந்த எடத்துல யாரும் இல்ல சார். நானு இங்க மட்டும்தான் இருக்கேன்."

எனக்கு அதுவரை தெரியாது. வியாழக்கிழமை அவர் முறை என்பது என் நினைவில் இல்லவே இல்லை. கார்த்திகை இறால் ஓடுகிற நேரம், நல்ல இடம், மறுபடி முறை சுற்றிவர எத்தனையோ நாள் ஆகும். தாலி கட்டிய அன்றுகூடக் காலியாக விடாத மனுஷன். மேலாளர் அம்மா என்னைப் பார்த்து, "பாடுன்னா என்ன?" என்று கேட்டார். சொல்ல வாயெடுத்தேன். முதல் வாக்கியத்தையே மூன்று தடவை ஆரம்பித்தேன். ரயிலில் வழி முழுக்க அவரை வறுத்தெடுத்திருந்தேன்.

தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் அதிகாரி தன் மூன்று பக்கங்களையும் திருப்பி வைத்தார். மேலாளர் அம்மா படிவத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, பேனாவால் எழுதினார். முப்பது நாள் அலுவலகத்துக்கு நேரில் வர வேண்டும், அதன் பிறகு கணினி மறுபடி பட்டியலில் சேர்க்கப்படும். உடம்பு சரியில்லை என்றால் லீவு போட வேண்டும், ஆள் வைக்கக் கூடாது. அதிகாரி அந்தக் கடைசி வரியின் கீழ் தன் கையால் ஒரு கோடு போட்டார். கூடவே, ஓரகத்தியின் படிப்பு என்ன, அவளுக்கென்று தனிக் கணினி கொடுத்தால் வருவாளா என்று கேட்டார்.

ஊரில் விஷயம் அவ்வளவு லேசில் முடியவில்லை. வியாழக்கிழமை முழுவதும் நல்ல இடம் வெறுமனே கிடந்ததை ஏரியில் இருந்த எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். உன் கையில் முள் குத்தியது தெரியும், கூடப் பிறந்தவன் குத்துக்கல் மாதிரி இருக்கிறானே, அவனை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார்கள். அலுவலகத்தில் அத்தனை நன்றாகப் பேசிய மனுஷன் அங்கே வாயைத் திறக்கவில்லை. மெஷ்ஷை அவர்களுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியாமல், கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கூட்டத்தில் பெண்கள் போய் நிற்கிற வழக்கமில்லை. மற்றவர்களோடு ஓரமாகத்தான் நின்றிருந்தேன். நடந்துபோய் அவர் பக்கத்தில் நின்றேன். யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள்.

"எனக்காகத்தான் காலியா வுட்டாரு. எத்தினி நாளைக்குப் பேர எடுக்கிறீங்களோ எடுங்க. அத்தினி நாளும் நானும் கூட நிக்கிறேன்" என்றேன்.